கருங்காலி தேடப் போனவர்

கார் கிளம்பாமல் போனதால்தான் எமில் ஸ்லேசக் அந்தப் பையனைப் பார்த்தார். இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அவருடைய கண்ணின் கூர்மையை யாராவது புகழ ஆரம்பித்தால், "என் கண்ணு இல்லப்பா, ப்யூக் காரோட பேட்டரி" என்று சொல்லிவிடுவார்.

1986 ஏப்ரல். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குள் பேஸ்பால் ஆட்டம். மழையும் பனியும் சேர்ந்து அடித்தது. ஆள் தேடி வந்திருந்த மற்ற அணிக்காரர்கள் மூன்றாவது இன்னிங்ஸோடு நடையைக் கட்டிவிட்டார்கள். எமிலும் கிளம்பினார். வண்டி ஒரு முனகலோடு சரி. இழுவை வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து ஈரப் பலகையில் செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் லானி டீக் என்ற பதினெட்டு வயதுப் பையன் பந்தெறிய வந்தான். காலில் இருந்தது அண்ணனுடைய பழைய ஷூ என்பது பார்த்ததுமே தெரிந்தது. முதல் பந்து நேராக வந்தது. இரண்டாவது பந்து மட்டைக்கு ஒரு முழம் முன்னால், படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தவன் விழுவதுபோல, சட்டென்று கீழே விழுந்தது. எமில் நனைந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். இழுவை வண்டிக்காரன் வந்து ஒலிப்பான் அடித்தபோது, கொஞ்சம் பொறு என்று கை காட்டினார்.

எமிலுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ரிவர்மென் அணிக்கு ஸ்கவுட்டாக, அதாவது ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பவராக, இருபது வருஷம் ஓட்டியிருந்தார். ஓஹையோ ஆற்றின் இரு கரையும் அவர் வட்டாரம். வருஷத்துக்கு நாற்பதாயிரம் மைல் கார் ஓட்டுவார். மனைவி ஆர்லீன், அவர்கள் ஊரான பெல்லேரின் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு சமைப்பவள். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பிள்ள பிடிக்கிறவர்" என்பாள்.

ஜூன் மாதம் அணிகள் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், எமில் தொலைபேசியில் தலைமை அலுவலகத்தை விடாமல் நச்சரித்தார். இருபத்து மூன்றாவது சுற்றில், போனால் போகிறது என்று, லானியின் பெயரைச் சேர்த்தார்கள். மறுநாளே காகிதங்களோடு அவன் வீட்டுக்குப் போனார் எமில். பக்கத்து அறையில் லானியின் அப்பா இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத் தூசி நெஞ்சில் அடைத்த இருமல். அம்மா வில்மா டீக், ரொட்டியும் பீன்ஸ் குழம்பும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இவன் அப்பா பத்தொம்பது வருஷம் ஒரே கம்பெனி சார். வேற எடம் பாக்கலாம்னு நெனச்சப்போ நெஞ்சு போயிடுச்சு. இவனும் உங்ககிட்ட அப்படித்தான் கெடக்கணுமா?"

"இல்லம்மா. மேல்மட்டத்துல ஆறு வருஷம் ஆடிட்டான்னா அப்புறம் அவன் இஷ்டம். எந்த டீமுக்கு வேணா போலாம். ஆனா போக மாட்டான் பாருங்க. ரிவர்மென் ஒரு குடும்பம் மாதிரி."

"குடும்பம்னு சொன்னாலே சம்பளம் கம்மின்னு அர்த்தம்" என்றாள் வில்மா. ஆனாலும் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஏழாயிரம் டாலர். லானி பேனாவை வாங்கிக்கொண்டு, "ஸ்லேசக் சார், ஷூ நீங்க தருவீங்களா, நான் வாங்கிக்கணுமா?" என்று மட்டும் கேட்டான்.

பையன் ஏமாற்றவில்லை. இரண்டே வருஷத்தில் மேல்மட்டத்துக்கு வந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சம்மட்டிப் பந்து - சட்டென்று கீழே விழும் அந்தப் பந்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது - நாடு முழுக்கத் தெரிந்ததாயிற்று. எத்தனையோ வருஷமாக வரிசையின் அடியில் கிடந்த ரிவர்மென் 1992-இல் கடைசிக் கட்டம்வரை போய் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றது. அந்த இலையுதிர்காலம் முழுக்க எமில் எங்கே சாப்பிடப் போனாலும் யாரோ ஒருவர் அவருக்குக் காபி வாங்கித் தந்தார். கிறிஸ்துமஸுக்கு லானி ஒவ்வொரு வருஷமும் ஒரு முழுப் பன்றித் தொடை அனுப்புவான். "இவ்வளவு பெரிசா அனுப்புறானே, நம்ம ரெண்டே பேருன்னு அவனுக்குத் தெரியாதா?" என்று அலுத்துக்கொண்டே ஆர்லீன் பிப்ரவரி வரை சூப் வைப்பாள்.

1993 முடிந்ததும் லானிக்கு ஆறு வருஷம் நிறைந்தது. கிழக்குக் கரையின் பெரிய நகரத்து அணி, மெட்ரோஸ், ஐந்து வருஷத்துக்கு இரண்டு கோடியே எண்பது லட்சம் டாலர் என்று கூப்பிட்டது. ரிவர்மென் ஒரு கோடியே பத்து லட்சம் தருவதாகப் பத்திரிகையில் வந்தது. லானி போய்விட்டான்.

பெல்லேர் அந்த வாரம் துக்க வீடுதான். உருக்காலை மூடிய வருஷத்திலிருந்து அந்த ஊரைவிட்டு யார் யாரோ போயிருந்தார்கள். போனவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் லானி போனதைச் சொந்தத் தம்பி சொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதுபோலப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் வறுவல் விருந்தில் ஒரு நிருபர் எமிலைப் பிடித்துக்கொண்டான். எமில் வாயில் மீன் துண்டோடு சொன்ன வார்த்தை மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டான்: லானியைக் கண்டெடுத்தவர் குமுறல்."

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு எமில் இரண்டு மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்ததை ஆர்லீன் பார்த்தாள்.

அடுத்த ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வேண்டும், இல்லாவிட்டால் சின்ன ஊர் அணிகள் செத்துவிடும் என்றார்கள் முதலாளிகள். எங்கள் சம்பளத்துக்கு மட்டும் எதற்குப் பூட்டு, உங்கள் லாபத்தை நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள் ஆட்டக்காரர்கள். செப்டம்பரில் இறுதிப் போட்டியே ரத்தானது. எமில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இரண்டு கட்சி.

"வருஷத்துக்குப் பத்து லட்சம் வாங்குறவனுக்கு எதுக்குடி ஸ்ட்ரைக்கு?" என்றார் எமில். "பெரிய ஊர்க்காரன் காசக் கொட்டுவான், நல்லவனெல்லாம் அங்க போவான். நம்ம டீம் வருஷா வருஷம் அடி வாங்கிச் சாகும். அதுக்கு ஒரு வரம்பு வேணும்னு சொன்னா தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? பணக்கார டீம்கிட்டேர்ந்து வாங்கி ஏழை டீமுக்குக் குடுக்கச் சொல்லு. அது ஞாயம். முதலாளிக்கு முதலாளி அடிச்சுக்கிறதுக்கு ஆடுறவன் கூலிலயா கைய வைக்கிறது?"

"உங்கப்பா பேசுற மாதிரியே பேசுற."

"எங்கப்பா அம்பத்தொம்பது ஸ்ட்ரைக்குல நூத்திப் பதினாறு நாள் ஆலை வாசல்ல நின்னவரு. வேற யாரு மாதிரிப் பேசுவேன்? அறுபத்திரண்டுல உன்னை என்ன பண்ணாங்கன்னு மறந்துட்டியா?"

எமில் மறக்கவில்லை. அவரும் ஒருகாலத்தில் ஆடியவர்தான். கேட்சர். கீழ்மட்ட அணிகளில் ஒன்பது வருஷம், பந்தெறிபவன் எறியும் பந்தையெல்லாம் குந்தியபடி வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு அணியில் கையெழுத்துப் போட்டால் அதோடு சரி. அவர்களாக விட்டால் ஒழிய வேறு அணிக்குப் போக முடியாது. 1962-இல் இன்னொரு அணி அவரை மேல்மட்டத்துக்கே கேட்டது. இவர்கள் விடவில்லை. சரி, மாதம் ஐம்பது டாலராவது கூடக் கொடுங்கள் என்று கேட்டார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உன் எடத்துக்கு வரப் பத்துப் பேர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான்" என்றார். எமில் பழைய சம்பளத்துக்கே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து முழங்கால் போனபோது ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள்.

"அதுவும் இதுவும் ஒண்ணில்ல" என்றார் அவர்.

"ஒண்ணுதான். அவன் ஜெயிச்சுட்டான், நீ தோத்துட்டே. அதான் உனக்கு எரியுது."

எமில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஜனவரியில் ரிவர்மென் அலுவலகத்திலிருந்து அவருடைய மேலதிகாரி ஹாலண்ட் பிட்னி கூப்பிட்டார். வேலைநிறுத்தம் முடியாவிட்டால் புது ஆட்களை வைத்து ஆட்டப் பருவத்தைத் தொடங்கப் போகிறார்களாம். முன்பு ஆடி விட்டுப்போனவன், லாரி ஓட்டுபவன், பள்ளியில் பயிற்சி கொடுப்பவன், யாராயிருந்தாலும் சரி. கையெழுத்துப் போட்டால் ஐயாயிரம் டாலர், அணியில் இடம் கிடைத்தால் இன்னொரு ஐயாயிரம்.

"உன் வட்டாரத்துல நாலு பேர் வேணும் எமில்."

எமில் சரி என்றார். ஆர்லீனிடம், பழைய பையன்கள் ரெண்டு பேரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "கருங்காலி தேடப் போறேன்னு சொல்லு. வாய் வெந்துடாது" என்றாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், முப்பது மைல் தள்ளி, கார்ல் ப்ரிஸ்கோ இருந்தான். இடது கையால் பந்தெறிபவன். முப்பத்தொரு வயது. எமிலே ஒரு காலத்தில் எடுத்த பையன். பாதி வழியில் அணி கழற்றிவிட்டது. இப்போது ஒரு பேக்கரிக்குக் கடை கடையாக ரொட்டி போடும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எமில் போனபோது கார்ல் முகச்சவரம் செய்து நல்ல சட்டை போட்டுக் காத்திருந்தான். அவன் மனைவி ஜோனெல் தட்டு நிறையப் பிஸ்கெட் வைத்திருந்தாள். சமையலறை மூலையில் கார்லின் அப்பா, எழுபது தாண்டிய மனிதர், காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். உருக்காலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர்.

"ஃப்ளோரிடாவுல பயிற்சி எத்தன நாள் இருக்கும் சார்?" என்றான் கார்ல். "வேன் வேலைக்கு லீவு சொல்லணும்."

"ஆறு வாரம்னு வச்சுக்கோ."

"ஸ்ட்ரைக்கு முடிஞ்சுட்டா?" என்று கேட்டாள் ஜோனெல்.

"முடியாது. முடிஞ்சாலும் அந்த ஐயாயிரம் உங்களுது."

கிழவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் பசங்க எப்ப திரும்பி வருவாங்க?"

எமில் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார். "வரலைன்னா என்ன? அவங்க எடத்துக்கு வரப் பத்துப் பேர் நிக்கிறான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே காது கூசியது. வேறு யாரோ தன் வாயில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்த அந்த மேலாளர், அவர் மேசையில் இருந்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணம், எல்லாம் நினைவுக்கு வந்தது.

கிழவர் மெதுவாக எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டார். பின்கதவைத் திறந்து வெளியே போய், பனி மூடிய படியில் உட்கார்ந்தார். மேலே கோட்டு இல்லை.

"அப்பா, உள்ள வாங்க" என்றான் கார்ல்.

"நீ கையெழுத்துப் போட்டு முடி. நான் இங்க இருக்கேன்."

"குளிருதுப்பா."

"எனக்குத் தெரியும், குளிருதுன்னு."

கார்ல் பேனாவை எடுத்தான். எமில் கண்ணாடிக் கதவு வழியாக அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையிலிருந்து ஆவி கொஞ்ச நேரம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. எமில் கையை நீட்டிக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ கார்ல். என்னால இத எழுத முடியாது."

"என்ன சார் சொல்றீங்க?"

"முடியலப்பா."

கார்லுக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபத்து நாலு வயசுல என்னைப் போடான்னு அனுப்பிச்சீங்க. ஏழு வருஷம் கழிச்சு நீங்களே வந்து கதவத் தட்டுறீங்க. இப்ப மறுபடியும் நீங்களே இல்லங்கிறீங்க. எனக்கு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீங்க யாரு சார்?"

அவன் கேட்டது நியாயம். எமில் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகவே வெளியே வந்தார். "உள்ள போங்க ஐயா, நான் கிளம்பிட்டேன்" என்றார். கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காபி ஆறிப்போச்சு" என்று சொல்லி எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிட்னியைக் கூப்பிட்டார்.

"நீ யூனியன்லயே இல்லையே எமில்" என்றார் பிட்னி.

"இல்ல."

"லானி போனப்போ அவனப் பேப்பர்ல நாறடிச்சவன் நீதானே?"

"நாந்தான்."

"அப்புறம் என்னய்யா வந்துச்சு உனக்கு?"

"ஒரு பெரியவர் குளிர்ல உக்காந்துட்டார்."

பிட்னிக்கு அது புரியவில்லை. விளக்கிச் சொல்ல எமிலுக்கும் வரவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது. இருபத்தொன்பது வருஷ வேலைக்கு மூன்று வரி. ஆர்லீன் அதை வாசித்து மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கு அவருக்குப் பிடித்த முட்டைக்கோஸ் இறைச்சிச் சுருள் செய்தாள். சாப்பிடும்போது இரண்டாவது தடவை அவளே தட்டில் வைத்தாள். "உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று எமில் கேட்டார். "இவ்வளவு நாள் எங்கடா போயிருந்தேன்னு கேட்டிருப்பாரு" என்றாள்.

கார்ல் ப்ரிஸ்கோ வேறு ஒரு ஆள் மூலமாகக் கையெழுத்துப் போட்டு ஃப்ளோரிடா போனான். ஏப்ரல் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவு வந்து வேலைநிறுத்தம் முடிந்தது. புது ஆட்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பியபோது ரொட்டி வேனை வேறொருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவனோடு பேச அந்த வருஷம் கோடை முடிய வேண்டியிருந்தது. எமில் இதையெல்லாம் ஜோனெலின் வாயாலேயே ஒரு கடையில் வைத்துக் கேட்டார். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று ஆர்லீன் கேள்விப்பட்டு வந்து சொன்னபோது, எமில் தானே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார். கார்ல் அந்த வேலையை வாங்கிக்கொண்டான். எமிலுக்கு நன்றி சொல்லவில்லை, எமிலும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு நடுவில், மே மாதம், மெட்ரோஸ் அணியிலிருந்து அழைப்பு வந்தது. அதே வட்டாரம், அதே வேலை. ரிவர்மென் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு சம்பளம். எமில் தொலைபேசியை வைத்தார்.

"என்ன, போறியா?" என்றாள் ஆர்லீன்.

"யோசிக்கிறேன்."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு ஒரு பேப்பர் துண்டு எடுத்து வச்சிருக்கேன். ஃபிரிட்ஜ்ல ஒட்டிரட்டுமா?"

"அவங்கதான் என்னை வெளிய தள்ளுனாங்க. நானாப் போகல."

"ஊருக்கு அது தெரியுமா?"

ஊருக்குத் தெரியவில்லை. எமில் மெட்ரோஸில் சேர்ந்த செய்தி பரவியதும் முடிதிருத்துபவர் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே, "இனிமே நீ பெரிய ஊர் ஆளு எமில், முடி வெட்டறதுக்கு ரெண்டு மடங்கு வாங்கலாமா?" என்றார். மீன் வறுவலில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லோரிடமும் போய்க் கடிதத்தைக் காட்டவா முடியும்? லானிக்கும் இப்படி ஏதாவது ஒரு கடிதம் இருந்திருக்குமோ என்று அவருக்கு முதல்தடவையாகத் தோன்றியது.

ஜூலையில் மெட்ரோஸ் ரிவர்மென்னின் மைதானத்துக்கு ஆட வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, வாசல் திறக்கும் முன்பே, எமில் வெளியூர் ஆட்டக்காரர்கள் வரும் கதவருகே போய் நின்றார். லானி பேருந்திலிருந்து இறங்கினான். தோள் அகன்று, கண்ணோரம் சுருக்கம் விழுந்து, ஆள் மாறியிருந்தான். அவரைப் பார்த்ததும் நின்றான்.

"ஸ்லேசக் சார்."

"லானி, பேப்பர்ல நான் சொன்னது..."

"வாசிச்சேன் சார். அம்மா வெட்டி அனுப்பிச்சாங்க."

"தப்பாப் பேசிட்டேன்."

லானி பையைத் தரையில் வைத்தான். "ஒரு கோடியே பத்து லட்சம் தரோம்னு பேப்பர்ல சொன்னாங்கல்ல? எங்கிட்டச் சொன்னது எழுபது லட்சம். அதுவும் மூணே நாள் கெடு. அதுக்கப்புறம் போனே எடுக்கல."

எமில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு சார். உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு கோடியே பத்து லட்சத்த நெசமாவே குடுத்திருந்தாலும் நான் போயிருப்பேன். எங்கப்பா இருமுறதக் கேட்டு வளந்தவன் நான். ரெண்டு மடங்கு எவன் குடுத்தாலும் போயிருப்பேன்."

"நானும் போயிட்டேனே" என்றார் எமில்.

லானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேள்விப்பட்டேன். அங்க யாரோ உங்களப் பத்திக் கேட்டாங்க. நல்ல கண்ணு, வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொன்னேன்."

அன்று ஆட்டத்தில் முப்பதாயிரம் பேர் லானியை ஏசினார்கள். போலி டாலர் தாள்களைக் கட்டுக்கட்டாக மைதானத்தில் வீசினார்கள். அவன் ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஜெயித்தான். எமில் மெட்ரோஸின் ஆளாக, கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பின்வரிசையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தியது, இரண்டு வருஷம் முன்பு தான் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த வருஷம் லானியின் தோள் கிழிந்தது. இரண்டு அறுவை சிகிச்சை செய்தும் சம்மட்டிப் பந்து திரும்பவில்லை. இருபத்தொன்பதாவது வயதில் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. மெட்ரோஸ் கடைசி டாலர்வரை கொடுத்தது. லானி அம்மாவுக்குப் பள்ளத்தாக்குக்கு மேலே, தூசி வராத இடத்தில், வீடு கட்டினான். அப்பாவின் நுரையீரலுக்கு நல்ல மருத்துவர் பார்த்தான். அவர் இன்னும் நாலு வருஷம் உயிரோடு இருந்தார். எமில் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனபோது வில்மா அவருக்குப் பீன்ஸ் குழம்பு போட்டாள். எமில் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "என் காலத்துல பஸ் டிக்கெட் குடுத்தாங்க" என்றார். "அதுவாவது குடுத்தாங்களே" என்றாள் வில்மா. அவள் கேலி செய்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மெட்ரோஸில் எமில் ஆறு வருஷம் இருந்தார். நல்ல சம்பளம், புதுக் கார், யாரும் அவமரியாதை செய்யவில்லை. இரண்டு தடவை சாம்பியன் ஆனார்கள்; இரண்டு தடவையும் அவருக்கும் மோதிரம் வந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கண்டெடுத்துக் கொடுத்த மூன்று நல்ல பையன்கள் வருஷக்கணக்காகக் கீழ்மட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஒவ்வோர் இடத்திலும் விலைக்கு வாங்கிய பெரிய பெயர்கள். ஒரு கூட்டத்தில் எமில் எழுந்து கேட்டார்.

"அந்த ஷார்ட்ஸ்டாப் எடத்துல ஆடுற பையன் ரிவர்மென்ல இருந்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே மேல ஆடியிருப்பான். இங்க பெஞ்சுலயே கெழவனாயிடுவான் போல. அவங்களுக்காவது வித்துடலாமே."

தலைவர் சிரித்தார். "எமில், அவன் அங்க ஆடக் கூடாதுங்கிறதுக்குத்தானே இங்க உக்கார வச்சிருக்கோம்."

மற்றவர்களும் சிரித்தார்கள். எமில் உட்கார்ந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து ஆர்லீனிடம் இதைச் சொன்னபோது, "நீயும் நானும் ஆளுக்குப் பாதி சரியாச் சொல்லியிருக்கோம்" என்றார். "ஆடுறவன் வாங்குறது தப்பில்ல. ஆனா ஒருத்தனே எல்லாத்தையும் வாங்கிட்டா அப்புறம் என்ன ஆட்டம்?"

"நான் அன்னைக்கே சொன்னேன், பணக்கார டீம்கிட்ட வாங்குங்கன்னு" என்றாள் ஆர்லீன். "நான் சொன்னது முழுசும் சரி. பாதிங்கிறது உன்னோடது."

2001-இல் எமில் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் டிக்கெட் எடுத்து ரிவர்மென் ஆட்டம் பார்க்கப் போனார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் காசு கொடுத்து உள்ளே போனது அதுவே முதல்தடவை. ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை. ரிவர்மென் வழக்கம்போல வரிசையின் அடியில் இருந்தது. நாலாவது இன்னிங்ஸில் அவர்களுடைய இரண்டாம் தளத்தைக் காக்கும் இளம் ஆட்டக்காரன், வெனிசுலாப் பையன், வலப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்து, முழங்காலில் இருந்தபடியே எறிந்து ஆளை வெளியேற்றினான். எமில் தன்னை மறந்து எழுந்துவிட்டார்.

பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலை ஓட்டைத் துப்பினார். "ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார். இன்னும் மூணு வருஷத்துல இவனும் போயிடுவான்."

"போவான்" என்றார் எமில். "இப்ப என்ன சம்பளம் வாங்குறான்?"

"யாருக்குத் தெரியும்? ஆடுறவங்கள்ல ரொம்பக் கம்மியா வாங்குறவன் இவன்தான்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

எமில் உட்கார்ந்தார். ஆர்லீன் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பாதியைக் கொடுத்தாள். அடுத்த பந்தும் அந்தப் பையனிடமே போனது. இந்தத் தடவை கைக்குள் வந்ததைத் தவறவிட்டான். ஒன்பதாயிரம் பேரும் சேர்ந்து முனகினார்கள். எமில் சாண்ட்விச்சை மென்றுகொண்டே, "கால சீக்கிரமா வச்சுட்டான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அடுத்தது பிடிச்சுடுவான்."